செத்தவன் திரும்பி வந்த நாடகம்

பதுளையில் தேநீர் குடிக்க நுழைந்த கடையில் அந்த டிவி நாடகத்தின் பாட்டு கேட்டது. இத்தனை வருஷம் கழித்தும் நாடகம் இன்னும் ஓடுகிறது. அது எந்த நாளில் கெட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கே ஒரு டிவிதான், எங்கள் வீட்டில். கைகளில் கொழுந்து வாசம் போகாமலே எல்லாரும் வந்து தரையில் உட்காருவார்கள். சித்தப்பாவை அடக்கம் செய்தபோதுகூட அழாத ஞானம் சித்தி, நாடகத்தில் கதாநாயகியின் புருஷன் செத்த அன்று வாய்விட்டு அழுதார்.

சில வாரங்களில் அவன் சிரித்தபடி திரும்பி வந்தான். எல்லாரும் கைதட்டினார்கள். சித்தி எழுந்து டிவியை நிறுத்தினார்.

"ஏன் சித்தி?" என்றேன்.

"செத்தவன் வரமாட்டான்டி. அதுகூடத் தெரியாதவங்க என்னத்தக் கதை சொல்லப் போறாங்க?"

யாரும் மறுபடி போடச் சொல்லவில்லை.

கடைக்காரர், "சத்தத்தக் கூட்டவாங்க?" என்று கேட்டார்.

"வேணாங்க, அந்தக் கதை எப்பவோ முடிஞ்சிருச்சு" என்றேன்.