ஞாயிற்றுக்கிழமை மலை

குன்னூரில் ஒரு தேயிலை வியாபார அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கோயம்புத்தூர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்து வீட்டு டீச்சரும் நானும் பல வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏறிக்கொண்டிருந்தோம். காலை பஸ்ஸில் அரவேணுவில் இறங்கி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சோலைக்காட்டின் விளிம்பு வரை நடப்போம். பேச்செல்லாம் அவருடையது. எனக்கு ‘ம்’ கொட்டுகிற வேலை.

போன வருடம் மார்ச்சில், கனடாவில் இருக்கும் மகளோடு வாழ அவர் புறப்பட்டுப் போய்விட்டார். காரில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நடக்கறத மட்டும் உட்ராதீங்க. அங்கிருந்து போன் போட்டுக் கேப்பேனுங்க” என்றார்.

முதல் சில ஞாயிறுகள் நான் போகவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். ஏப்ரலில் ஒருநாள் வீட்டுக்குள் இருக்க முடியாமல் கிளம்பினேன். சாலையெல்லாம் ஊதாப்பூ உதிர்ந்து கிடந்தது. பேச்சில்லாத ஏற்றத்தில் என் மூச்சிரைப்பு எனக்கே கேட்டது. உச்சியில் உட்கார்ந்ததும் “அப்பாடா” என்றேன். அன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஜூலையில் சாரலும் மூடுபனியுமாக இருந்தது. இரண்டு செடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பாதை வளைவில் பனி கொஞ்சம் விலகியபோது எதிரே ஒரு காட்டெருமை நின்றிருந்தது. மூக்கிலிருந்து ஆவி வந்தது.

கீழேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. “அம்மா, ஓடாதீங்க! அப்படியே பின்னால வாங்க, மெல்ல!”

குரல் வந்த பக்கமாகப் பின்னால் அடியெடுத்து வைத்தேன். எருமை தலையைத் திருப்பி, செடிகளை முறித்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போனது. நான் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கூப்பிட்டவர் விறகுக்கு வந்த தோட்டத் தொழிலாளி. என்னைவிட மூத்தவர். இலங்கையிலிருந்து சின்னப் பிள்ளையாக வந்தவராம். பாட்டிலில் வைத்திருந்த பால் கலக்காத தேநீரை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். “சாயத்தண்ணிதான், குடிங்க. தனியவா வந்தீங்க? கூட ஆளில்லையா?”

“இல்லீங்க” என்றேன். அதைச் சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

பயத்தில் அழுகிறேன் என்று நினைத்தார். “அது போயிருச்சம்மா, இனி வராது” என்று முதுகைத் தடவிக் கொடுத்தார். நான் திருத்தவில்லை. என்னை ஒருவர் தொட்டு எத்தனை காலமாயிற்று என்று அப்போதுதான் நினைத்துக்கொண்டேன். மழை வலுக்கும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு ஏறும்போதெல்லாம் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவர் வீட்டு வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவேன். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதாகச் சொன்னார். ஐப்பசி மழையில் பாதை வழுக்கிய நாட்களில், “இன்னைக்கு மேல போகாதீங்க” என்று தடுத்து உள்ளே உட்கார வைத்தார். அந்த நாட்களில் மலை ஏறாததில் எனக்கு வருத்தமே இல்லை.

டிசம்பரில் டீச்சர் ஒரு வீடியோ அனுப்பினார். பனிச்சரிவில் காலில் நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு சறுக்கி, விழுந்து, பேரனோடு சேர்ந்து சிரிக்கிறார். பலமுறை பார்த்தேன். ‘நல்லா இருக்குங்க’ என்று மட்டும் பதில் போட்டேன். நடக்கிறேனா என்று அவர் கேட்கவில்லை.

பொங்கல் முடிந்த ஞாயிறு, பள்ளங்களில் புல் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. லயத்து வீட்டில் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டுப் பெண், “மகன் வந்து திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். இனி அங்கதான்னு சொன்னாங்க” என்றாள்.

பிறகு ஏறினேன். மேலே வெயில் வந்து விரல்களில் உணர்வு திரும்பும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினேன். பஸ்ஸில் சுற்றுலாக் கூட்டம். குன்னூர் வரை நின்றுகொண்டே வந்தேன்.