லேஸ் கம்பிக்கு நான் போட்ட கட்டை

திருத்தணியில் சொந்தமாக ஓட்டு வீடு கட்டினேன். ஒரே கைத்தறியில் தொடங்கி ஆறு விசைத்தறி போட்டேன். மனு எழுதத் தெரியாமலே நடையாய் நடந்து எங்கள் தெருவுக்குக் கரண்ட் கொண்டுவந்தேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. கைகொடுத்தவன் எவனும் இல்லை. இதையெல்லாம் ஊர் ஒப்புக்கொள்கிறது. ஹேர்பின் லேஸ் கம்பிக்கு நான் போட்ட கட்டையை மட்டும் விழுங்கிவிட்டார்கள்.

எழுபதுகளில் என் மனைவி மாதர் சங்கத்து லேஸ் வகுப்புக்குப் போனாள். கொண்டை ஊசியைப் பெரிதாக்கியதுபோல் இரண்டு கால் உள்ள கம்பி. அதில் நூலைச் சுற்றி, நடுவில் குரோஷா ஊசியால் ஒரு பின்னல் போட்டு, கம்பியைத் திருப்ப வேண்டும். திருப்பும்போதெல்லாம் ஊசியைக் கால்களின் திறந்த முனை வழியாகப் பின்னால் கொண்டுபோக வேண்டும். இதற்குத் தறி என்று பெயராம்.

"தறிய எவனாவது திருப்புவானா? தறி நிக்கும், நாடாதான் ஓடும்" என்றேன். ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் மர நாடாவைச் சொன்னேன்.

"ஒரு சாண் பின்னிட்டு அப்பால பேசுங்க" என்றாள்.

ரோஷத்தில் உட்கார்ந்தேன். பாவு நூலுக்குப் போடுகிற பழக்கத்தில் லேஸ் நூலுக்கும் கஞ்சி போட்டேன். ஈரம் காயும் முன்பே பின்னி, சுருட்டிப் பெட்டியில் வைத்தேன். மூன்றாம் நாள் திறந்தால் புளித்த நாற்றம். கண்ணிக்குக் கண்ணி கறுப்புப் பூஞ்சணம், நடுவே கரப்பான் எச்சம். தொட்ட விரலைச் சோப்புப் போட்டுக் கழுவியும் சோறு இறங்கவில்லை. மனைவி அதை டீச்சரம்மாவிடமே காட்டிவிட்டாள்.

"இன்னாங்க மேஸ்திரி, இது லேஸா, பழைய சோறா?" என்று அந்த அம்மா கேட்க, வகுப்பே சிரித்தது.

விடவில்லை. கஞ்சியில்லாத நூலில், கம்பியைத் திருப்பித் திருப்பியே கற்றேன். அப்போதுதான் அதன் குறை தெரிந்தது. பின்னப் பின்ன நூல் இழுத்து, திறந்த பக்கத்தில் கால்கள் உள்ளே சாய்ந்தன. லேஸ் ஒரு முனையில் அகலம், மறு முனையில் குறுகல். உடைந்த நாடாவிலிருந்து ஒரு துண்டு அறுத்து, இரண்டு துளை போட்டு, கால் முனைகளில் செருகினேன். கால்கள் அசையவில்லை.

"கட்டை போட்டா ஊசி எப்படிங்க பின்னால போவும்?" என்றார் டீச்சரம்மா.

"ஊசிய நெட்டா நிறுத்தி, ரெண்டு காலுக்கும் நடுவுல தள்ளும்மா" என்று பின்னிக் காட்டினேன். லேஸ் கடைசிவரை ஒரே அகலம். அன்று யாரும் சிரிக்கவில்லை. வகுப்பு முழுக்கக் கட்டை அறுத்துக் கொடுத்தவன் நான். ஆர்.கே.பேட்டையிலிருந்துகூட வந்து வாங்கிப்போனார்கள்.

சில வருஷம் கழித்துச் சங்கம் ஆண்டு மலர் போட்டது. படத்தில் டீச்சரம்மா, கையில் என் கட்டை மாட்டிய கம்பி. அடியில், 'இவரே கண்டுபிடித்த கருவி'. மலரை எடுத்துக்கொண்டு நேரே டீச்சரம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"ஒரு மரத்துண்டுக்கா இவ்ளோ பேச்சு? பொம்பளைங்க மலர்ல ஆம்பள பேரு போட்டா நல்லாவா இருக்கும்?" என்றார்.

பூஞ்சணம் பிடித்த லேஸைக்கூடக் கழுவிவிடலாம். இந்தப் பேச்சைக் கேட்ட அருவருப்பு இன்றும் போகவில்லை.

கம்பி அவருடையது, பாடமும் அவருடையது, மறுக்கவில்லை. கட்டை என்னுடையது. சங்கத்தில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு மலரிலும் அந்தப் படத்தின் கீழ் அச்சடித்த சீட்டு ஒட்ட வேண்டும். அதில் என் பெயர் என் தகப்பன் பெயரோடு முழுதாக இருக்க வேண்டும்.