சவுக்கையில் நின்ற தட்டு

போன வாரம் சம்பந்தியோடு குற்றாலம் போனேன். ஆடிக்கு என் மகளைக் கொண்டுவிட வந்திருந்தார். நல்ல சாரல். குளித்து முடித்து, துண்டைப் பிழிந்தபடி சொன்னார்:

"இது எங்க சமஸ்தானத்து மலைத் தண்ணி, அண்ணாச்சி. விழுதது மட்டுந்தான் உங்க பக்கம்."

நான் தலையைத் துவட்டினேன். அருவி அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.

அவருக்குச் செங்கோட்டை. திருவாங்கூர் மகாராஜா ஆட்சி. எனக்குத் தென்காசி. வெள்ளைக்கார சர்க்கார். நடந்தே போய்விடலாம். ஆனால் அவர் பேச்சைக் கேட்டால் கப்பல் ஏற வேண்டும் போலிருக்கும்...

தை மாதம் என் மகள் பார்வதிக்கு அவர் மகனைப் பேசினோம். நிச்சயதார்த்தம் செங்கோட்டையில்தான் என்றார். பெண் வீட்டில்தானே வைப்பது? சரி என்றேன். பையன் நல்லவன்.

ஒன்று மட்டும் கேட்டேன்.

"தட்டுல புகையிலை இருக்குமே. சவுக்கையில விடுவானா?"

நான் வண்டிக்காரன். எனக்குத் தெரியும். எல்லையில் சுங்கச் சவுக்கை உண்டு. சீட்டு இல்லாமல் உப்பும் புகையிலையும் சமஸ்தானத்துக்குள் போகாது.

"நிச்சயத் தட்டைத் தொடுவானா? எங்க ஆளுக மரியாதை தெரிஞ்சவங்க" என்றார்.

தொட்டான்.

தடுப்பு மூங்கிலுக்கு இந்தப் பக்கம் என் வண்டி. அந்தப் பக்கம் சம்பந்தி, மாலையும் கையுமாக. நடுவில் சவுக்கைக்காரன்.

"புகையிலையை எடுத்து வச்சிட்டுப் போங்க."

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தட்டில் வைத்ததை வழியில் எடுக்கக்கூடாது. புறப்பட்ட தட்டு வீடு திரும்பவும் கூடாது. திரும்பினால் அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது. வண்டிக்குள் பார்வதி தலையைக் குனிந்துகொண்டாள். ராகுகாலம் வேறு நெருங்கியது.

"ஏய், நான் யாருன்னு தெரியுதா?" என்றார் சம்பந்தி.

"தெரியுது அண்ணாச்சி. சீட்டு இருக்கா?"

சம்பந்தி குரலை இறக்கிக் கெஞ்சினார். அவன் மூங்கிலை விட்டு நகரவில்லை.

நான் வண்டியிலிருந்து ஜமக்காளத்தை எடுத்தேன். பக்கத்துப் புளியமரத்தடியில், எங்கள் பக்கமாக, விரித்தேன். தட்டை நடுவில் வைத்தேன்.

"இங்கன வாங்க சம்பந்தி."

அவர் மூங்கிலைப் பார்த்தார். பார்வதியைப் பார்த்தார். குனிந்து இந்தப் பக்கம் வந்தார்.

தட்டு மாற்றினோம். வெள்ளைக்கார சர்க்கார் மண்ணில். எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி... வெளியே காட்டவில்லை. இனி அவர் வாய் திறக்கமாட்டார் என்று நினைத்தேன்.

தட்டுப் புகையிலையை வைத்து வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"பாத்தியளா அண்ணாச்சி? எனக்கே வளைஞ்சு குடுக்கல. இப்படி ஒரு சவுக்கைக்காரன் உங்க பக்கம் உண்டுமா?"

இவரை என்ன செய்வது? ஊர்ப் பெருமைக்கு எல்லாமே தீனி. கதவைத் திறந்தாலும் பெருமை. மூஞ்சியில் சாத்தினாலும் பெருமை.

போகட்டும். அவர் ஒருவர்தானே என்றிருந்தேன்.

போன வாரம் அருவியிலிருந்து வீடு திரும்பினோம். பசி. பார்வதிதான் இலை போட்டாள். தென்காசியில் பிறந்து வளர்ந்த பெண். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு, ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

"என்னப்பா அரிசி இது? எங்க சமஸ்தானத்துல இப்படி இருக்காது."

சம்பந்தி தலை நிமிரவில்லை. மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, என் வெற்றிலைப் பெட்டியிலிருந்து புகையிலை எடுத்துக்கொண்டார்.

நல்ல துண்டமாகப் பார்த்துத்தான் எடுத்தார்.