கியர்பாக்ஸ் கசிந்த மதியம்

கடிதத்தில்கூட ஒரு வார்த்தை கூட்டி எழுதாதவன் நான். நடந்தது நடந்தபடி, நேரம் குறித்து எழுதுகிறேன். நம்பாதவர்கள் என் மனைவியைக் கேட்கலாம்.

பழைய இயந்திரங்களின் பாகங்களை ஒட்டிச் சிலை செய்வது என் தொழில். எதை வாங்கினாலும் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்த பிறகுதான் வெல்டிங் பிடிப்பேன். அந்த ஒன்றை மட்டும் பிரிக்க மனம் வரவில்லை. பழைய இரும்புக் கடையில் கிடைத்த கியர்பாக்ஸ். அச்சு அசலாகப் பெண் முகம். தண்டு நுழையும் துளை, திறந்த வாய் போல. உட்கார்ந்திருக்கும் பெண் சிலைக்கு அதையே தலையாக ஒட்டிவிட்டேன்.

மறுநாள் மதியம் 2.10. வாயிலிருந்து கிரீஸ் வழிந்திருந்தது. கறுப்பாக அல்ல, சளி போல மஞ்சளாக. ஊசிப்போன கொழுப்பு நாற்றம். துடைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது... வெல்டிங் பிடித்து ஒரு நாள் ஆகியிருந்தது.

2.25. மறுபடி வழிந்தது. இந்த முறை அதில் ஒரு முடி. இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது... ஒரு முழம். நுனியில் வெள்ளையாக, துளித் தோல்.

முடியைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "உவ்வே! உள்ள எலி செத்துக் கிடக்கா?"

"கிட்ட வராதே."

"உங்க அழுக்குச் சட்டையைத் துவைக்கிறவ நான். இதுக்கா அசரப் போறேன்? தள்ளுங்க."

துணியோடு குனிந்தாள். அவள் பின்னல் தோளிலிருந்து முன்னால் சரிந்தது.

2.31. கர்ர்ர்...

மோட்டார் இல்லை. கரண்டு இல்லை. பல்லோடு பல் அரைக்கும் சத்தம்.

"என்னங்க... இழுக்குது!"

பின்னல் நுனி அந்த வாய்க்குள்.

கர்ர்ர்... கர்ர்ர்...

அவள் கன்னம் மஞ்சள் சளியில் அழுந்தியது. கத்த முடியவில்லை. மூக்கும் அதில் புதைந்தது.

தகடு வெட்டும் கத்தரியை எடுத்தேன்.

பிடரியோரம், பின்னலில்.

ஒரே வெட்டு.

சத்தம் நின்றது.

பிறகு உள்ளே... 'மடக்'.

எதையோ விழுங்கிய சத்தம்.

4.05க்குக் கடைக்காரருக்கு போன் செய்தேன். "அண்ணே, அந்த கியர்பாக்ஸ் பல்சக்கரம் எந்த மெஷின்ல ஓடினது?"

சிரித்தார். "பல்சக்கரமா? அது வெண்கலம் தம்பி. அதை உருவாம விக்க நான் என்ன பைத்தியமா? உங்களுக்குக் குடுத்தது வெறும் கூடு."

எட்டு போல்ட்டையும் கழற்றினேன். அவர் சொன்னது உண்மை. உள்ளே சக்கரம் இல்லை. காய்ந்த துரு. ஒரு சொட்டு கிரீஸ் இல்லை.

என் மனைவியின் பின்னலும் இல்லை.