முதலில் அந்தப் பிள்ளையிடம்

சின்னமனூர் டாக்டரம்மா இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது, நான் ஒரு கர்ப்பிணியின் வயிற்றில் ஜெல் தடவிக்கொண்டிருந்தேன். தேனியில் என் ஸ்கேன் சென்டருக்கு வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். அந்த ஸ்கேனை முடித்தேன், அடுத்ததையும் முடித்தேன். அழுகை வரவில்லை. பெரிய அலுப்புதான் வந்தது. இனிமேல் நான் அனுப்பும் ரிப்போர்ட்டை யார் படித்து, யாருக்கு எப்படிச் சொல்வார்கள்?

அந்த டாக்டரம்மா, டாக்டர் ஜமீலா, உத்தமபாளையத்துக்காரர்; சின்னமனூரில் கிளினிக் வைத்திருந்த குழந்தை மருத்துவர். அவரிடம் திட்டு வாங்காத தகப்பன் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் இருந்தால் கையைத் தூக்கலாம். கிளினிக்கை மூடிவிட்டுச் சில மாலைகளில் என்னைக் கூப்பிடுவார். "அலுத்துப்போச்சு டாக்டர். ஒரே விசயத்தத் திருப்பித் திருப்பிச் சொல்லி வாயே வலிக்குது. என்ன செய்ய, கேக்குறவுகளுக்கு அது மொதத் தடவையாச்சே" என்பார். நானும் அலுத்தவன்தான். ஆனால் எனக்கு அந்த இரண்டாவது பாதி ஒருநாளும் தோன்றியதில்லை.

செல்வியின் கதையை அவள் சம்மதத்தோடு, பெயரை மாற்றிச் சொல்கிறேன். ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுப் பெண். பதினாறு வயதாகியும் வயதுக்கு வரவில்லை. ஊர் வாய் நீளத் தொடங்கியதும் வீட்டார் ஒரு காரியம் செய்தார்கள். சடங்கைச் செய்துவிட்டால் பின்னாலேயே அது வந்துவிடும் என்று நம்பி, தாய்மாமன் சீரோடு, பிளக்ஸ் வைத்து, பந்தி போட்டுவிட்டார்கள். மாமன் மகனுக்கே கொடுப்பது என்றும் பேசியாயிற்று. ஆனால் மாதவிலக்கு வரவில்லை. வந்ததாக ஊருக்குக் காட்ட, மாதம் தவறாமல் அந்தப் பெண்ணைச் சமையலறைக்கு வெளியே தள்ளி உட்கார வைத்தார்கள்.

ஒருவழியாக ஸ்கேனுக்கு வந்தபோது நான் பார்த்தேன். கருப்பை இல்லை. இரண்டு பக்கமும் தொடையிடுக்கின் மேலே, விரைகளாக இருக்கக்கூடிய இரண்டு சிறு கட்டிகள். அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் எடுத்த ரத்தப் பரிசோதனைகள் மதுரைக்குப் போய் வந்தன. முடிவு சொல்லும் நாளில் ஜமீலா என்னையும் வரச் சொல்லியிருந்தார். ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். நம் பக்கத்து வழக்கம் தெரியும்தானே? வியாதிக்காரரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஆண்கள் உள்ளே போய் முடிவைக் கேட்பார்கள்.

"எல்லாரும் வெளிய இருங்க. புள்ளையும் ஆத்தாளும் மட்டும் வரட்டும்" என்றார் ஜமீலா.

பெரியப்பா சண்டைக்கு வந்தார். "என்னம்மா இது, நாங்க பெரியாளுக வந்து நிக்கோம், சின்னப் புள்ளைட்டப் போய்ப் பேசுறீக?"

"ஒடம்பு அவளோடது. அவ சொன்னா நீங்க தெரிஞ்சுக்கிருங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்.

உள்ளே அவர் செல்வியைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "மாசாமாசம் தள்ளி உக்காந்தியாமே, கஷ்டமா இருந்துச்சா?"

"எதுக்கு உக்காறேன்னே தெரியல டாக்டர். ஏங்கிட்ட ஏதோ தப்பு இருக்குன்னு மட்டும் தெரிஞ்சுச்சு" என்றாள் செல்வி.

பிறகு ஜமீலா எதையும் மறைக்காமல் சொன்னார். "ஓன் செல்லுல எக்ஸ் ஒண்ணு, ஒய் ஒண்ணு இருக்கு, ஆம்பளப் புள்ளைகளுக்கு இருக்க மாதிரி. ஆண்ட்ரோஜன்னு ஆம்பள ஒடம்ப உண்டாக்குற ஒரு ஹார்மோன் ஓன் ஒடம்புல நல்லாவே ஊறுது. அத வாங்கிக்கிற இடந்தான் வேல செய்யல. வாய்க்கால்ல தண்ணி ஓடுது, வயலுக்கு மடை தொறக்கல, அம்புட்டுத்தான். அதனால வயித்துக்குள்ள இருக்கும்போதே நீ பொண்ணா வளந்துட்ட. நேத்தும் பொண்ணு, இன்னைக்கும் பொண்ணு. மாசவெலக்கு வராது, புள்ள பெத்துக்க முடியாது. அது வருத்தந்தான், இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "சொந்தத்துல கட்டுனதால வந்த வெனையா?"

"இல்லம்மா. அசல்ல கட்டியிருந்தாலும் வரும். அந்த மடையச் செய்யிற மரபணு எக்ஸ்ல இருக்கு. ஒங்களுக்கு ரெண்டு எக்ஸ். ஒண்ணுல கோளாறு இருந்தாலும் இன்னொண்ணு தாங்கிக்கிருச்சு. இவளுக்கு ஒரே எக்ஸ், அது அந்தக் கோளாறுள்ளதா அமஞ்சுபோச்சு. சிலருக்கு ஆத்தாட்ட இல்லாமப் புதுசாவும் வரும். ஒங்களுக்கு இருக்குன்னு டெஸ்டுல தெரியுது. அது ஒங்க குத்தம் இல்ல. ஒங்க தங்கச்சிக்கும் இருக்கலாம், அவுகட்டச் சொல்லிருங்க."

கதவைத் திறந்ததும் செல்வி நேராக மாமனிடம் போனாள். "மாமா, எனக்கு அது வந்ததே இல்ல, இனியும் வராது. ஓம் மகனுக்கு வேற பொண்ணு பாரு. இனிமே நான் தள்ளியும் உக்கார மாட்டேன்" என்றாள். வேன் திரும்பிப் போனது. ஆனால் அம்மா தன் தங்கையிடம் சொல்லவே இல்லை. எங்கே தங்கையின் புருஷன் அவளை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவானோ என்ற பயம். ஜமீலா எத்தனையோ முறை நினைவூட்டினார், திட்டினார், கடைசியில் அலுத்துப்போனார்.

ஜமீலாவை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, செல்வி என் சென்டருக்கு வந்தாள். இப்போது கம்பத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். கூடவே அவள் சித்தி, சித்தியின் நான்கு வயது மகள். குழந்தைக்கு இரண்டு தொடையிடுக்கிலும் வீக்கம். குடலிறக்கம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பாவும் இன்னும் சிலரும் வெளியே நின்றார்கள். ஸ்கேனில் அதே படம். மீதியை ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். வழக்கம்போல ரிப்போர்ட்டை எழுதிக் கவரில் போட்டு ஆண்கள் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் மனசு சொன்னது.

செல்வி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு இருக்கதுதானா டாக்டர்?"

தெரிந்தவரைச் சொன்னேன்.

"நீங்க உக்காருங்க. நான் சொல்றேன்" என்று சித்தியின் கையைப் பிடித்தாள். "சித்தி, டெஸ்ட் எடுத்துத்தான் உறுதியாச் சொல்லணும். ஆனா எனக்கு இருக்கதுதான் பாப்பாவுக்கும்னு நெனைக்கேன். நீ செஞ்ச குத்தம் இல்ல, எங்கம்மா செஞ்சதும் இல்ல. வீக்கத்த மட்டும் சரி பண்ணுவோம், உள்ள இருக்க கட்டிகள அவசரப்பட்டு எடுக்க விடாத. பாப்பாவுக்கு வெவரம் தெரியிறப்ப அவகிட்டத்தான் மொதல்ல சொல்லணும். நீ பயந்தா என்னையக் கூப்பிடு."

சித்தி விம்மி விம்மி அழுதார். நான் எழுந்து போகவில்லை. அந்த அழுகை ஓயும்வரை உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ஜமீலாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, கேட்பவர்களுக்கு அது முதல் தடவை என்று நினைத்து அப்படி உட்கார்ந்திருப்பதுதான். இப்போதும் எனக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது.