நடுவட்டத்தில் திரும்பிய சாட்சி

கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் நின்றபோது போன் வந்தது. உபதேசியார் சவரிமுத்து அண்ணன் விடியற்காலையில் போய்விட்டார் என்று அவர் மருமகள் சொன்னாள். தலையிலிருந்த பையை அப்படியே இறக்கி வைத்தேன். கங்காணி என்னவென்று கேட்டார். சொன்னதும் தொப்பியைக் கழற்றினார். 

நம் வேதக்கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுத்தவர், சாவு வீட்டுக்கு முதலில் வந்து கடைசியில் போனவர் என்றெல்லாம் கோயில் சபையாரான உங்களுக்குத் தெரியும். நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனாலும் கோயில் முற்றத்தில் அடங்கியிருக்கும் பழைய பாதிரியாரான சாமியாரின் கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்றாமல் எங்கள் லைன் வீடுகளில் யாரும் பிரசவத்துக்குப் போனதில்லை. அந்தச் சாமியாருக்குப் புனிதர் பட்டம் கிடைக்க வேண்டும் என்பதுதான் அண்ணனின் நாற்பது வருட ஆசை. முதல் படி இறை ஊழியர், அப்புறம் வணக்கத்துக்குரியவர், அதற்கு மேல் அருளாளர், கடைசியில் புனிதர் என்று விரல் விட்டுச் சொல்வார். நம் சாமியார் முதல் படியிலேயே நின்றார்.

"உங்க சாமியாருக்கு எங்க சூப்பர்வைசரை விட மெதுவா புரமோஷன் வருதே அண்ணே" என்பேன்.

"ரோமாபுரி ஆபீஸ் அப்படித்தான் தங்கச்சி. அவசரப்பட்டா அங்க பைலே நகராது" என்று சிரிப்பார்.

வேண்டுதல் பலித்தவர்கள் சொல்வதை அவர் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். காணாமல் போன கோழி திரும்பி வந்ததை எழுதச் சொல்லி ஒருத்தி அடம் பிடித்தாள். கோழியையெல்லாம் ரோமாபுரிக்கு அனுப்ப முடியாது, குழம்பு வைத்தால் எனக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டார். முழங்கால் வலி போனது என்று வந்த பெரியவரிடம், போன மாதம் ஊசி போட்டீர்களா என்று கேட்டார். போட்டிருந்தார். நோட்டை மூடிவிட்டார். டாக்டர் கையை விரித்திருக்க வேண்டும், நோய் முழுசாகப் போயிருக்க வேண்டும், மருந்தின் வேலையாக இருக்கவே கூடாது. அதுதான் கணக்கு.

அப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் போய்ச் சேர்ந்தேன். என் கழுத்தில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. எஸ்டேட் டாக்டர் தன்னால் ஆகாது, புற்றாக இருக்கலாம் என்று எழுதிக் கோயம்புத்தூருக்குப் போகச் சொன்னார். நான் போகவில்லை. ஒன்பது புதன்கிழமை கல்லறையில் முட்டி போட்டேன். அடுத்த சில மாதத்தில் கட்டி இருந்த இடம் தெரியவில்லை. வேறு மருந்து சாப்பிட்டாயா என்று அண்ணன் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றேன். அப்புறம் எனக்கு வந்த மவுசைக் கேட்கவா வேண்டும்! கேரளாவிலிருந்து ஜீப் பிடித்து வந்து என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். நானும் காட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

ஊட்டியில் ஆயர் விசாரணைக்குச் சாட்சி சொல்ல அழைப்பு வந்தது. டாக்டரின் சீட்டு, நோட்டு, மனு எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி சலவைச் சட்டை. நடுவட்டத்தில் டீ குடிக்க இறங்கினோம். அங்கே பைபிள் மேல் கை வைத்துச் சொல்ல வேண்டுமாமே, அது என்னைக் கட்டுமா என்று கிண்டலாகத்தான் கேட்டேன்.

"உன் மாரியம்மனையே நெனச்சுக்கிட்டு கை வை. நீ பொய் சொல்ல மாட்டே. எனக்கு அது போதும்" என்றார்.

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். சொல்லிவிட்டேன். தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக் கூடலூர் ஆஸ்பத்திரிக்குப் போனதை, கட்டியில் ஊசி குத்திப் பார்த்து டிபி என்று சொன்னதை, லைனில் தெரிந்தால் என் டம்ளரைத் தனியாக வைத்துவிடுவார்களே என்று பயந்து மாத்திரையைச் சாமியார் படத்துக்குப் பின்னாலேயே ஒளித்து வைத்துச் சாப்பிட்டதை.

 அண்ணன் கேட்டார்: "மாத்திரைய முழுசா முடிச்சியா? நடுவுல விட்டுறலையே?"

ஆறு மாதமும் முடித்தேன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். பஸ் ஆரன் அடித்தது. அவர் ஏறவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், ஊருக்குத் திரும்பும் பந்தலூர் பஸ்ஸுக்கு நின்றார். பட்டம் போச்சே அண்ணே என்று அழுதேன்.

"சாமியார் ஏற்கனவே மோட்சத்துலதான் இருக்காரு. நாமதான் இங்க அவருக்குச் சீட்டு வாங்க அலையறோம்" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். மஞ்சள் பையின் காதை இரண்டு முடிச்சுப் போட்டார்.

அடுத்த ஞாயிறு கோயில் கூட்டத்தில் அண்ணன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தான் சரியாக விசாரிக்கவில்லை, தப்பு தன்னுடையது என்று மட்டும் சொன்னார். நோட்டை அவரிடமிருந்து வாங்கி வேறு ஆளிடம் கொடுத்தார்கள். கையில் வந்த அற்புதத்தைத் தொலைத்தவர் என்று பேசினார்கள். பதினோரு வருடம் அவர் அதைக் கேட்டுக்கொண்டே கல்லறையைக் கூட்டிப் பெருக்கினார். நான் பார்த்துக்கொண்டே கொழுந்து பறித்தேன்.

அடக்கத்தன்றும் என் காதுபட ஒருவர் அதையே சொன்னார். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன். பொய் என்னுடையது. நோய் டிபி. மாத்திரை சாப்பிட்டால் குணமாகிற நோய், குணமாகிவிட்டது. இனி என் டம்ளரைத் தனியாக வைப்பவர்கள் தாராளமாக வைக்கலாம், டீயை மட்டும் குறைக்காதீர்கள். சாமியார் கைவிட்டாரா என்று கேட்டால், கூடலூருக்குப் போகும் தைரியத்தை யார் கொடுத்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. அதை எந்த நோட்டிலும் எழுத முடியாதென்று அண்ணனே சொல்லியிருப்பார்.

எனக்கென்று வைத்துக்கொள்வது இதுதான். நாற்பது வருடம் காத்திருந்தது டீக்கடை வாசலில் கைவிட்டுப் போன அந்த நிமிடத்தில், அந்த மனிதருக்கு முதலில் வந்த கவலை என்னைப் பற்றியது.