கயிற்றைப் பிடித்து அக்கா நடந்த தோட்டம்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்காக வெயிலையும் பாராமல் ஸ்ரீரங்கம் வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் பணிவான வணக்கம். அக்காவைப் பற்றி எழுத வேண்டும் என்று என் பிள்ளைகள் சொன்னபோது, எனக்கு எழுத்து வராது என்று மறுத்தேன். "பெரியம்மாவைப் பத்தி நீங்க எழுதாம வேற யாரும்மா எழுதுவாங்க?" என்றார்கள். உண்மைதான். அதனால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது பொன்மலை ரயில்வே குடியிருப்பில். அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். அம்மா காலமானபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து எனக்குத் தலை பின்னியது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எல்லாம் அக்காதான். துவாக்குடியில் பாய்லர் உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். செய்து முடித்த பாகங்களை அளந்து பார்த்துத் தேர்வு செய்யும் வேலை. தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தாலும் அக்கா திருப்பி அனுப்பிவிடுவார் என்று அவருடன் வேலை செய்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். என் திருமணத்தை நடத்தி முடித்த பிறகே தன் திருமணத்துக்குச் சம்மதித்தார். அத்தான் அரசுப் பேருந்தில் நடத்துநர். நல்ல மனிதர். குழந்தை இல்லையே என்ற குறையை இருவரும் என் பிள்ளைகளிடம் தீர்த்துக்கொண்டார்கள். அத்தான் மறைந்த பிறகு அக்கா எங்களோடு இருக்க, கொள்ளிடக் கரைப் பக்கமுள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்துவிட்டார்.

குடியிருப்புக்குப் பின்னால் ஒரு காலி மனை கிடந்தது. வெளியூரில் இருக்கும் அதன் உரிமையாளர், கட்டடம் கட்டும்வரை காய்கறி போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். அதைப் பதினான்கு பாத்திகளாகப் பிரித்து, கேட்டவர்களுக்கு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தோம். அக்காவுக்கு ஒன்பதாவது பாத்தி. ஆடியில் விதைப்பார். புரட்டாசி பிறந்தால் வெண்டை, கொத்தவரை, கத்தரி, புடலை என்று கூடை கூடையாக வரும். எங்கள் மாடியில் யாரும் அந்த மாதம் காய் வாங்கியதில்லை.

இரண்டே வருடத்தில் அக்காவுக்குக் கண் அழுத்த நோய் என்று தெரிந்தது. போன பார்வை திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்றார்கள். அதுவும் கை கொடுக்கவில்லை. கடைசியில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிந்தன. வாழ்நாளெல்லாம் கண்ணை வைத்துப் பிழைத்தவருக்கு அப்படி நேர்ந்தது. அக்கா அழுது நான் பார்க்கவில்லை. காலையும் மாலையும் நான் கையைப் பிடித்துப் பாத்திக்கு அழைத்துப் போவேன். எனக்கு வேலை இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு நாற்காலியில் காத்திருப்பார்.

ஒரு மாலை நான் வர நேரமானது. அக்கா தனியாகவே இறங்கிப் போய்விட்டார். வழி தவறி, கீழ்வீட்டு வாத்தியாரின் பாத்திக்குள் நுழைந்து, அவர் ஆசையாக வளர்த்த கத்தரி நாற்றுகளை மிதித்துவிட்டார். வாத்தியார் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். அவர் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. ஆனால் முகம் வாடிவிட்டது. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"இனிமே வேணாம்க்கா. பாத்திய நான் பாத்துக்கறேன். நீங்க வீட்டோட இருங்க."

அக்கா மறுநாள் செருப்பை மாட்டவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சாப்பாடு குறைந்தது. ரேடியோவைக்கூடப் போடவில்லை.

அந்தப் புரட்டாசியில் அறுவடை முடித்துக் குடியிருப்பில் எல்லோரும் வேன் வைத்துக்கொண்டு கொல்லிமலைக்குப் போகலாம் என்று முடிவானது. அங்கே ஒரு காபி எஸ்டேட் பங்களாவின் பழைய தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தார்கள். யார் யார் வருகிறீர்கள் என்று போனில் கேட்டபோது நான், "எங்க வீட்ல நான் மட்டும்தாங்க. அக்கா வந்து என்னத்தப் பாக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டேன்.

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "என் பேரையும் குடு."

மலைப்பாதையின் வளைவுகளில் பாதிப் பேருக்குத் தலை சுற்றியது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பங்களாத் தோட்டம் பெரியது. படிப்படியாக இறங்கும் பூப்பாத்திகள், ஆரஞ்சு மரங்கள், மிளகுக் கொடி ஏறிய மரங்கள், அடியில் ஒரு கிணறு. நாங்கள் பாதி தூரம் இறங்கியபோது மூடுபனி வந்தது. நீட்டிய கை தெரியவில்லை. வேனில் ஏறியபோது இருந்த சத்தமெல்லாம் அடங்கிப்போய், எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றோம். ஒரு பெண் பயந்து தன் குழந்தையைக் கூப்பிட்டார்.

தோட்டக்காரர் எங்கிருந்தோ குரல் கொடுத்தார். "யாரும் நகராதீங்க. இடது பக்கம் இடுப்பு உசரத்துல கயிறு இருக்கும், பிடிச்சுக்கோங்க. பனி வந்தா எங்களுக்கும் கண்ணு தெரியாதுங்க. இதப் பிடிச்சுத்தான் வேலை செய்வோம்."

அக்காதான் முதலில் கயிற்றைக் கண்டுபிடித்தார். கொஞ்ச தூரம் தடவிவிட்டு உரக்கக் கேட்டார்.

"இங்க ஒரு முடிச்சு இருக்கே, எதுக்குங்க?"

"அது கெணத்துக்குப் போற வழிம்மா. ரெண்டு முடிச்சு இருந்தா பங்களா."

"சரி. எல்லாரும் என் பின்னால வாங்க."

நாங்கள் வந்தோம். கண் தெரிந்த அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இரட்டை முடிச்சுகளைத் தடவி வழி பிடித்த அக்கா படி வரும் இடங்களில் "படி, படி" என்று சொல்லச் சொல்ல, பங்களா வாசலுக்கு வந்து சேர்ந்தோம். பனி விலகும்வரை அக்கா அந்தத் தோட்டக்காரரிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். என்ன கயிறு, மழையில் இற்றுப்போகாதா, எத்தனை அடிக்கு ஒரு கம்பு.

திரும்பும்போது வேனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "போன்ல அப்படிச் சொன்னதுக்கு என்ன மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"எனக்குக் கண்ணுதான் போச்சு, காது நல்லாத்தான் கேக்குது. நீ அப்படிச் சொன்னதாலதான் வந்தேன்" என்றார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, "நாளைக்கு காந்தி மார்க்கெட் போயி தேங்கா நார்க் கயிறு வாங்கிட்டு வா. நல்ல தடிமனா" என்றார்.

மாடிப்படி அடியிலிருந்து பாத்திகள்வரை அந்தக் கயிற்றைக் கட்ட மூங்கில் கம்பு ஊன்ற வேண்டியிருந்தது. அதற்கு முதலில் கடப்பாரையோடு வந்தவர் வாத்தியார். வேலை முடிந்ததும், "என் பாத்திக்கு எத்தனை முடிச்சு போட்டீங்க?" என்று கேட்டார்.

"நாலு சார். இனிமே தெரிஞ்சேதான் மிதிப்பேன்."

வாத்தியார் சிரித்த சிரிப்பு மூன்றாம் மாடிவரை கேட்டது.

அதன் பிறகு நான்கு புரட்டாசிகள் அக்கா தனியாகவே போய், தனியாகவே பறித்து, கூடையோடு தனியாகவே மாடிப்படி ஏறி வந்தார். சர்க்கரை நோயால் பார்வை மங்கிய இரண்டாம் மாடிப் பெரியவரும் அந்தக் கயிற்றைப் பிடித்து வரத் தொடங்கினார். அக்கா தன் பாத்தியில் பாதியை அவருக்குக் கொடுத்துவிட்டார்.

சென்ற ஆண்டு ஆவணியில் அக்காவின் இதயம் தளர்ந்தது. மருத்துவமனையில் பத்து நாள் இருந்துவிட்டு, வீட்டுக்கு வரவேண்டும் என்று கேட்டு வந்தார். வந்த நான்காம் நாள் காலையில், காபி குடித்துவிட்டு மறுபடி கண்ணயர்ந்தவர், அந்தத் தூக்கத்திலேயே எங்களை விட்டுப் போனார். வலி இல்லை. அந்த ஆறுதல் எங்களுக்கு இருக்கிறது.

அக்காவைக் கனிவோடு கவனித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் ஆட்டோ கொண்டுவந்த எங்கள் தெருமுனைத் தம்பிக்கும், துவாக்குடியிலிருந்து வந்து கடைசி மரியாதை செய்த பழைய தோழர்களுக்கும், பதின்மூன்று நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவிடாமல் சோறு கொண்டுவந்த குடியிருப்பினர் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நான் எடுத்துச் செய்யும்வரை ஒன்பதாவது பாத்திக்குத் தண்ணீர் விட்ட வாத்தியாருக்குத் தனியாக ஒரு நன்றி.

இந்த ஆடியில் முதல் முறையாக நானே விதைத்தேன். இன்று பந்தியில் உங்களுக்குப் பரிமாறப்படும் கொத்தவரங்காய் அங்கே விளைந்ததுதான். எனக்கு இன்னும் பக்குவம் பிடிபடவில்லை, சில காய்களை முற்றவிட்டுவிட்டேன். நார் தட்டுப்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த புரட்டாசிக்குள் கற்றுக்கொண்டுவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கை